ஓட்டுமுன் தாங்கியைக் கழற்றிப் பாருங்கள்

மாட்டுக் கொட்டிலின் ஒரு மூலையில், கிழிந்த தறப்பாளின் கீழ், ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ரயர்கள் இரண்டும் காற்றின்றி மண்ணோடு அமுங்கிக் கிடக்கின்றன. சீற்றுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது. ஊரை விட்டு எழும்பியபோது வீட்டுக்காரர் அதையும் விட்டுவிட்டுத்தான் போனார். பல கை மாறி, பல மாரி மழையில் நனைந்து, எப்படியோ அது மீண்டும் அவரிடமே வந்து சேர்ந்துவிட்டது. இப்போது தோட்டத்தில் கத்தரியும் மிளகாயும் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. சந்தையோ தூரம். வாடகை வாகனத்துக்குக் கொடுத்தால் காய்கறி விற்ற காசில் பாதி அதற்கே போய்விடும். இந்த மோட்டார் சைக்கிள் ஓடினால் குடும்பம் நிமிரும்.

"சித்தப்பா, ரெண்டு போத்தல் பெற்றோல் வாங்கியாறன். ஊத்திப்போட்டு உதைச்சுப் பார்ப்பம்," என்கிறான் பெறாமகன்.

"பொறு தம்பி. அந்தப் பெற்றோல் எதுக்குள்ள போகப்போகுதெண்டு முதல்ல பார்ப்பம்," என்கிறார் சித்தப்பா.

இந்தப் பதிலில்தான் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. நெடுநாள் நின்ற மோட்டார் சைக்கிளில் எஞ்சினுக்கு முன்னர் பார்க்க வேண்டியது பெற்றோல் தாங்கியை. அதைக் கழற்றிப் பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. இரண்டு மூன்று ஸ்பானர், ஒரு குறடு, கொஞ்சம் பொறுமை இவையே போதும். பாராமல் விட்டால் கறள் காபரேற்றருக்குள் இறங்கி, எஞ்சினையும் கெடுத்து, கையிலுள்ள காசையும் கரைத்துவிடும். பார்க்கத் தெரியாமல் பார்த்தாலோ உயிருக்கே ஆபத்து. ஆகவே எதைச் செய்வது என்பதோடு எதைச் செய்யக்கூடாது என்பதையும் சேர்த்தே இங்கு சொல்கிறோம்.

தாங்கிக்குள் கறள் எப்படி வருகிறது?

பெற்றோல் இரும்பைக் கறள் பிடிக்க வைப்பதில்லை. கறளுக்கு வேண்டியவை தண்ணீரும் காற்றும். அரைவாசி வெறுமையாக நிற்கும் தாங்கி மூச்சு விடுகிறது. பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, மூடியிலுள்ள சிறு துவாரத்தால் வெளியேறுகிறது. இரவுக் குளிரில் அது சுருங்க, வெளியிலுள்ள ஈரக்காற்று உள்ளே இழுபடுகிறது. அந்த ஈரம் தகரத்தின் உட்புறத்தில் வியர்வைபோலப் படிந்து, துளியாகி, அடிக்கு வழிகிறது. ஒரு லீற்றர் தண்ணீரின் எடை 1 கிலோ. ஒரு லீற்றர் பெற்றோலின் எடையோ ஏறக்குறைய 740 கிராம்தான். எனவே தண்ணீர் எப்போதும் பெற்றோலின் கீழே போய்த் தங்கும். தாங்கியின் அடிப்பகுதி முதலில் ஓட்டையாவது இதனாலேதான். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி மழை பெய்யும் எமது பகுதிகளில், அதிலும் உப்புக்காற்று வீசும் கரையோரங்களில், இந்த வேலை இன்னும் விரைவாக நடக்கும்.

நின்றுபோன பெற்றோலும் கெட்டுவிடுகிறது. அதன் இலேசான பகுதி ஆவியாகிப் போக, எஞ்சியது பிசினாகிறது. பழைய வார்னிஷைப் போன்ற ஒரு மணம் அடித்தால் அது எரிபொருளல்ல, அழுக்கு என்று கொள்ளுங்கள்.

எமது மோட்டார் சைக்கிள்களுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990களில் வடபகுதிக்குப் பெற்றோல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகள் இன்றும் எம்மிடையே உள்ளன. 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்றே பங்கீடு தொடங்கியது. கிடைத்ததைக் கிடைத்த கானிலும் போத்தலிலும் சேர்த்து வைத்தோம். அவற்றோடு தூசும் தண்ணீரும் தாங்கிக்குள் போயின. பழைய தாங்கி ஒன்றைத் திறந்தால் இந்த வரலாறு முழுவதும் அடியில் படிந்திருப்பதைக் காணலாம்.

வெறுந்தாங்கியே கூடிய ஆபத்து

"உள்ளுக்கு ஒண்டுமில்லை, காய்ஞ்சுபோச்சு" என்று சொல்லிக்கொண்டு நெருப்புக்குச்சியைத் தட்டித் தாங்கிக்குள் பார்ப்பவர் தமது முகத்தையே பணயம் வைக்கிறார். பெற்றோல் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. காற்றின் நூறு பங்கில் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை பெற்றோல் ஆவி கலந்திருந்தால் அது வெடிக்கும். நிறைந்த தாங்கியில் ஆவி அளவுக்கு மிஞ்சி, காற்றுக்கு இடமில்லாமல் இருக்கும். வெறுமையான தாங்கியிலோ இரண்டும் சரியான அளவிற் கலப்பதற்கு இடமுண்டு. 10 லீற்றர் கொள்ளும் வெறுந்தாங்கி ஒன்றை வெடிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஒரு மில்லிலீற்றர் பெற்றோல் ஆவியானாலே போதும். பிசினிலும் கறளின் இடுக்குகளிலும் அதைவிடக் கூடுதலாக ஒளிந்திருக்கும்.

மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேற் சூடானால்தான் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியைத் தரும். பெற்றோலோ பூச்சியத்துக்கு 40 பாகை கீழே குளிர்ந்திருந்தாலும் தரும். எமது வெயிலில் அது எப்போதும் தயாராகவே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. அது மேலே பறந்து போவதில்லை. தண்ணீரைப்போல நிலத்தோடு பரவிப் பள்ளத்தை நோக்கிப் போகும். முற்றத்தில் திறந்த தாங்கியின் ஆவி, காற்று வாக்கில் குசினி அடுப்பு வரை போய் நெருப்பை அழைத்து வரக்கூடும். கிடுகுக் கொட்டிலிலும் தறப்பாள் கூடாரத்திலும் வாழ்பவர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே வேலை தொடங்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. காலை நேரத்தில், திறந்த வெளியில், மரநிழலில் வேலை செய்யுங்கள். வீட்டுக்குள்ளோ கொட்டிலுக்குள்ளோ வேண்டாம். அடுப்பு, சாம்பிராணித் தட்டு, விளக்கு எல்லாம் தூரத்தில், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறத்தில் இருக்கட்டும்.

2. பீடி, சுருட்டு, சிகரட் வேண்டாம். பார்க்க வருகிற அயலவருக்கும் இதைச் சொல்லுங்கள்.

3. ஒரு வாளி மண்ணும் ஒரு நனைந்த சாக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். எரியும் பெற்றோலுக்குத் தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீரின்மேல் மிதந்து நெருப்பைப் பரப்பும். மண்ணால் மூடுங்கள், சாக்கால் அமத்துங்கள்.

4. பிள்ளைகளை அகற்றி வையுங்கள். சோடாப் போத்தலிலோ தண்ணீர்ப் போத்தலிலோ பெற்றோலை ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் வரும் பிள்ளைக்கு அது தண்ணீராகவே தெரியும்.

5. வாயால் உறிஞ்சிப் பெற்றோல் எடுக்காதீர்கள். ஒரு சிறு மிடறு சுவாசப்பைக்குள் போனாலே உயிராபத்து. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இன்னும் ஒன்று. கண்ணிவெடி அகற்றப்படாத காணியிலோ பற்றைக்குள்ளோ கிடக்கும் மோட்டார் சைக்கிளை உரியவர்களின் அனுமதியில்லாமல் தொடவேண்டாம். அது உங்களுடையதாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள நிலம் இன்னும் உங்களுடையதாகவில்லை.

கழற்றும் முறை

இங்கு நாம் எடுத்துக்கொள்வது ஹொண்டா சீ.டி. 125, சீ.டி. 200 போன்று, ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு இடையில், சட்டத்தின்மேல் தாங்கி அமைந்த வகையை. சீ. 90 போன்றவற்றில் தாங்கி சீற்றின் கீழே இருக்கும். கழற்றும் இடம் வேறுபட்டாலும் பார்க்கும் முறையும் கழுவும் முறையும் ஒன்றே.

முதலில் மோட்டார் சைக்கிளை நடு ஸ்ராண்டில் உறுதியாக நிறுத்துங்கள். சீற்றைக் கழற்றுங்கள். அநேகமாகப் பின்புறத்தில் இரண்டு போல்ற் இருக்கும். அவற்றைக் கழற்றிப் பின்பக்கமாக இழுத்தால் சீற் வரும். கையை விடுமுன் ஒரு தடியால் தட்டிப் பாருங்கள். நெடுநாள் நின்ற சீற்றுக்குள் எலியும் இருக்கும், தேளும் இருக்கும். பற்றறி இருந்தால் அதன் மறை முனை வயரை முதலில் கழற்றிவிடுங்கள். அப்போது தவறுதலாகவும் தீப்பொறி பறக்காது.

அடுத்து பெற்றோல் கொக். அதில் மூன்று நிலைகள் உண்டு: பூட்டு, திறப்பு, றிசேவ். தாங்கிக்குள் உயர்ந்து நிற்கும் குழாய் சாதாரண நிலைக்கு உரியது. றிசேவ் துவாரம் அடிமட்டத்தில் உள்ளது. கொக்கைப் பூட்டி, காபரேற்றருக்குப் போகும் றப்பர்க் குழாயின் கிளிப்பைக் குறட்டால் நெரித்து நகர்த்தி, குழாயை மெதுவாகத் திருகி இழுங்கள். காய்ந்துபோன குழாய் வெடித்துவிடும். வெடித்தால் கவலைப்படாதீர்கள், அதை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். குழாயின் கீழே ஒரு உலோகக் கானை வைத்து, கொக்கை றிசேவ் நிலைக்குத் திருப்பி, உள்ளதை முழுவதும் வடிய விடுங்கள். ஒன்றும் வடியாவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை என்று எண்ணாதீர்கள். கறள் துவாரத்தை அடைத்திருக்கக்கூடும்.

சில தாங்கிகள் சேணம்போலச் சட்டத்தின் இருபுறமும் தொங்கும். அப்படியானவற்றுட் சிலவற்றில் இரு பக்கத்தையும் இணைக்கும் சிறு குழாய் ஒன்று முன்புறத்தின் அடியில் இருக்கும். அதைக் காணாமல் தாங்கியைத் தூக்கினால் குழாய் கழன்று பெற்றோல் எஞ்சின்மேல் ஊற்றும். ஆகவே தூக்குமுன் குனிந்து இருபுறமும் பாருங்கள்.

தாங்கியின் முன்பகுதி சட்டத்திலுள்ள இரண்டு றப்பர்க் குமிழ்களில் செருகப்பட்டிருக்கும். பின்பகுதி ஒரு போல்ற்றாலோ ஒரு றப்பர்ப் பட்டியாலோ பிடிக்கப்பட்டிருக்கும். பின்பகுதியை விடுவித்து, அதைச் சற்று உயர்த்தி, பின்பக்கமாக இழுத்தால் தாங்கி கையோடு வந்துவிடும். வர மறுத்தால் சுத்தியலால் அடிக்கவேண்டாம். றப்பர் ஒட்டியிருக்கும். சவர்க்காரத் தண்ணீரைத் தடவிச் சிறிது நேரம் விட்டு மெதுவாக ஆட்டினால் கழரும். கழற்றிய போல்ற், வாசர், றப்பர் எல்லாவற்றையும் கழற்றிய ஒழுங்கிலேயே ஒரு சிரட்டையில் போட்டு வையுங்கள்.

தாங்கி கழன்றிருக்கும் இந்த நேரத்தில் சட்டத்தையும் பாருங்கள். தாங்கியின் கீழ் ஓடும் வயர்களை எலி கடித்திருக்கிறதா? றப்பர்க் குமிழ்கள் தேய்ந்து, இரும்போடு இரும்பு உரசியிருக்கிறதா? கைபிடித் தண்டின் கழுத்தடியில் பொறித்துள்ள சட்ட இலக்கத்தைத் துடைத்து வாசித்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, பிறிதொரு தாளிலும் எழுதி வையுங்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த இலக்கமும் காணி உறுதியைப் போன்றதே. புத்தகம் தொலைந்த நாளில் உங்கள் பொருளை உங்களுடையது என்று சொல்ல உதவுவது அதுதான்.

உள்ளே பார்க்கும் முறை

மூடியைத் திறந்து, தாங்கியைக் கவிழ்த்து எஞ்சியதையும் வடித்து, மரநிழலில் சிறிது நேரம் திறந்து வையுங்கள். ரோச் லைற்றையோ கைத்தொலைபேசியின் வெளிச்சத்தையோ தூரத்திலேயே போட்டுக்கொண்டு வந்து, வெளியே பிடித்தபடி உள்ளே பாருங்கள். தாங்கியின் வாய்க்குள் அதை விடவேண்டாம். முகத்தை வாய்க்கு நேரே வைக்காமல் சரிவாகப் பாருங்கள். வெயிற் கதிரை ஒரு சிறு கண்ணாடித் துண்டால் உள்ளே திருப்பிவிட்டாலும் அடி நன்றாகத் தெரியும்.

நீங்கள் காணக்கூடியவை நான்கு.

மெல்லிய செம்மண் தூள்போன்ற படிவு: விரலால் துடைத்தால் போகும். இது கழுவினாற் சரிவரும்.

செதிலாக எழும்பும் கறள்: தாங்கியை ஆட்டினால் உள்ளே சலசலக்கும். இதற்கு வேலை அதிகம், ஆனால் தகரம் தடிப்பாக இருந்தால் காப்பாற்றலாம்.

கறுத்த பிசின்: ஒட்டும், வார்னிஷ் மணம் அடிக்கும். மண்ணெண்ணெயில் ஊறவிட்டால் இளகும்.

ஊசித் துவாரங்கள்: தாங்கியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே நட்சத்திரம்போலத் தெரியும். ஒன்றிரண்டு என்றால் வைத்தியம் உண்டு. அடி முழுவதும் அப்படித் தெரிந்தால் அந்தத் தாங்கியின் ஆயுள் முடிந்தது.

பிறகு வெளிப்புறம். அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், பொருத்து ஓடும் விளிம்பையும் விடாமல். மெத்தென்று உள்ளே போனால் தகரம் கடதாசியாகிவிட்டது. வர்ணம் கொப்புளித்திருக்கும் இடத்தைச் சுரண்டிப் பாருங்கள். கடைசியில் மூடியிலுள்ள மூச்சுத் துவாரம். இதைக் குளவி மண்ணால் அடைத்திருக்கும். அடைத்தால் உள்ளே காற்றுப் போகாது. காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் இறங்காது. ஓடும் மோட்டார் சைக்கிள் இரண்டு கட்டை போனதும் நின்று, மூடியைத் திறந்து பூட்டினால் மீண்டும் ஓடுகிறதென்றால் நோய் இதுதான். ஒரு மெல்லிய கம்பியால் அடைப்பை எடுத்துவிடலாம். இதை அறியாமல் காபரேற்றருக்குக் காசைக் கொட்டியவர்கள் பலர்.

கழுவும் முறை

கொக்கைக் கழற்றி எடுத்து, அதன் வலையையும் அடிக்கிண்ணத்தையும் தனியாக மண்ணெண்ணெயிற் கழுவுங்கள். கொக்கின் துவாரத்தைத் தக்கையாலோ றப்பராலோ இறுக்கி அடையுங்கள். முதலில் சவர்க்காரத் தூள் கலந்த சுடுதண்ணீரால் தாங்கியை நிறைத்து, சிறிது நேரம் விட்டு ஊற்றுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்யுங்கள். தண்ணீரை வேறிடத்திற் சூடாக்கிக் கொண்டுவர வேண்டும். தாங்கியை அடுப்படிக்குக் கொண்டு போகக்கூடாது. பிசின் இருந்தால் இதற்கு முன் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள்.

செதிற் கறளுக்கு, பழைய சைக்கிள் செயின் ஒன்றைக் கம்பியிற் கட்டி உள்ளே விட்டு, கொஞ்சத் தண்ணீரோடு நன்றாகக் குலுக்குங்கள். நட்டுக்களைப் போட்டுக் குலுக்குவதாயின் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். முப்பது போட்டால் முப்பது வரவேண்டும். உள்ளே தங்கிவிட்ட ஒன்று பிறகு கொக்கின் வாயை அடைக்கும்.

எஞ்சும் கறளைப் புளிப்பு அகற்றும். கடையில் விற்கும் சாதாரண வினாகிரியால் தாங்கியை முடிந்தவரை நிறைத்து, ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை விடுங்கள். இடைக்கிடை புரட்டி வையுங்கள். மூடியையும் கொக்கையும் வினாகிரியில் போடாதீர்கள். அவற்றின் உலோகத்தை அது தின்னும். வெளியே வழிந்தால் வர்ணம் கெடுமுன் கழுவிவிடுங்கள். பழப்புளிக் கரைசலும் இதே வேலையைச் செய்யும், ஆனால் கூடிய நாள் எடுக்கும். தும்பு போக வடித்துவிட்டு ஊற்ற வேண்டும்.

ஊற்றியபின் தாமதிக்கக்கூடாது. புளிப்புப் பட்டுச் சுத்தமான இரும்பு சில நிமிடத்திலேயே மீண்டும் சிவக்கத் தொடங்கும். ஒரு வாளி தண்ணீரில் ஒரு பிடி அப்பச்சோடாவைக் கரைத்து ஊற்றி அலசுங்கள். மிஞ்சிய புளிப்பை அது முறிக்கும். பின்னர் நல்ல தண்ணீரால் அலசி, வாய் கீழாகக் கவிழ்த்து வடித்து, உச்சி வெயிலில் வையுங்கள். சைக்கிள் பம்மினால் உள்ளே காற்றடித்தால் விரைவிற் காயும். முற்றாகக் காய்ந்தவுடன் அரைக் கோப்பை மண்ணெண்ணெயில் சிறிது எஞ்சின் ஒயில் கலந்து உள்ளே விட்டு, எல்லாப் பக்கமும் படும்படி புரட்டி வடித்துவிடுங்கள். அந்த மெல்லிய எண்ணெய்ப் படை மீண்டும் கறள் வராமற் காக்கும்.

கழுவிய தண்ணீரையும் பழைய பெற்றோலையும் என்ன செய்வது? கிணற்றுக்கு அருகிலோ தோட்டத்து வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது விரைவில் கிணற்றுக்கு இறங்கிவிடும். கெட்ட பெற்றோலை மூடியுள்ள உலோகக் கானில் அடைத்து, அடையாளம் எழுதி, கராஜில் ஒப்படையுங்கள். வீண்போகிறதே என்று அதைக் குப்பிவிளக்கிலோ மண்ணெண்ணெய் அடுப்பிலோ ஊற்றவே கூடாது. மண்ணெண்ணெயோடு கொஞ்சப் பெற்றோல் கலந்தாலும் விளக்கு வெடிக்கும். பிள்ளை படிக்கும் விளக்கு அது.

ஓட்டை இருந்தால்

தாங்கியைத் தண்ணீரால் நிறைத்து, வெளிப்புறத்தைத் துடைத்து, காய்ந்த சாம்பலை மெல்லத் தூவி வையுங்கள். ஒழுகும் இடத்தில் சாம்பல் கறுத்து நனையும். அந்த இடத்தை அடையாளமிடுங்கள்.

வழியில் ஒழுகத் தொடங்கினால் கட்டிச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்து வீடு வந்து சேரலாம். பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைப்பதில்லை. ஆனால் மழை கரைத்துவிடும். அது வழித்துணைதான், வைத்தியமல்ல. ஊசித் துவாரத்தை, கறளைச் சுரண்டித் துடைத்தபின், பெற்றோலைத் தாங்கும் இருபகுதிப் பசையால் மூடலாம். பெரிய ஓட்டைக்கு ஈயம் வைக்க வேண்டும் அல்லது வெல்டிங் செய்ய வேண்டும். அதை அனுபவமுள்ளவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது தாங்கி எத்தனை தடவை கழுவப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். அவர் தாமும் மீண்டும் கழுவி, ஒட்டும் இடம் தவிர மற்றெல்லாம் நிறையும்படி தண்ணீர் விட்டு, மூடியையும் கொக்கையும் கழற்றி வைத்துத்தான் நெருப்பைப் பிடிக்க வேண்டும். "ஒண்டும் செய்யாது" என்று காய்ந்த தாங்கியில் நெருப்புப் பிடிப்பவரிடமிருந்து உங்கள் தாங்கியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அவருக்கும் அது நன்மை.

அடி முழுவதும் கடதாசியாகியிருந்தால் ஒட்டுவதற்குக் காசு செலவழிக்காமல் இன்னொரு பழைய தாங்கியைத் தேடுவதே இலாபம். அதை வாங்குமுன்னும் இதேபோல உள்ளே பாருங்கள். புது வர்ணம் மேலே மட்டுந்தான் இருக்கும்.

பூட்டும்போது

கொக்கின் றப்பர் வாசரைப் புதிதாகப் போடுங்கள். பெற்றோல் குழாயையும் புதிதாக்குங்கள். தாங்கியை முன்றப்பர்களில் சரியாகச் செருகி, வயர்கள் நசியவில்லை என்று பார்த்தபின் பின்பகுதியை இறுக்குங்கள். இறுக்கம் அளவோடு இருக்கட்டும். எஞ்சின் அதிர்வைத் தாங்குவது றப்பர்தான். அதை நசித்துவிட்டால் அதிர்வு தகரத்தைப் பிளக்கும்.

முதலில் ஒரு லீற்றர் பெற்றோல் மட்டும் விடுங்கள். பழைய சாரத்துணியை மடித்துப் புனலில் வைத்து வடித்து ஊற்றினால் தூசு போகாது. காபரேற்றருக்குக் குழாயைப் பூட்டுமுன் கொக்கைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர்க் குமிழோ செந்தூளோ தெரிந்தால் மீண்டும் கழுவ வேண்டும். தெளிவாக வந்தால் அதை மீண்டும் தாங்கிக்குள் ஊற்றி, குழாயைப் பூட்டி, பத்து நிமிடம் பொறுத்துப் பொருத்துக்களைத் துடைத்துப் பாருங்கள். துணி நனையாவிட்டால் மட்டுமே உதையுங்கள்.

இனிமேல் தாங்கியைக் கழுத்து முட்ட நிறைக்கவேண்டாம். 10 லீற்றர் பெற்றோல் 15 பாகை சூடேறினால் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் விரியும். இடமில்லாவிட்டால் வெளியே வழியும். மாதத்துக்கு ஒருமுறை கொக்கின் அடிக்கிண்ணத்தைக் கழற்றித் தண்ணீரை வடியுங்கள். நெடுநாள் நிறுத்த நேர்ந்தால் பெற்றோலை வடித்து, எண்ணெய் புரட்டி, படுக்கும் கொட்டிலுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள்.

அவதானமாயிருந்தும் யாருக்காவது தீப்பட்டால், எரியும் உடையை உடனே அகற்றி, காயத்தின்மேல் சாதாரண குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசை, எண்ணெய், சாம்பல் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சித்தப்பாவும் பெறாமகனும் இந்த வேலையை முடிக்க நான்கு நாள் சென்றது. கழுவியூற்றிய தண்ணீரில் ஒரு கைப்பிடி கறள் வந்ததைக் கண்டு பெறாமகன் சொன்னான்: "இதெல்லாம் எஞ்சினுக்குள்ள போயிருக்கும், என்ன சித்தப்பா?"

"எஞ்சினுக்குள்ள போக முதல் எங்கட மடிக்குள்ள கை வைச்சிருக்கும்," என்றார் அவர்.

ஐந்தாம் நாள் காலை கத்தரிக்காய் மூட்டை பின்சீற்றில் ஏறியது. எல்லார் வீட்டிலும் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது. சில தாங்கிகள் கழுவக் கழுவ ஓட்டையாகும். சில எஞ்சின்கள் தாங்கி சரியாகியும் ஓடமாட்டா. ஆனால் திறந்து பார்த்தவருக்குத் தம்மிடம் உள்ளது என்ன, இல்லாதது என்ன என்பது தெரியும். எங்கே காசைப் போடலாம், எங்கே போடக்கூடாது என்பதும் தெரியும். எல்லாவற்றையும் ஒருமுறை இழந்து, மீண்டும் ஒன்றொன்றாகச் சேர்க்கும் குடும்பங்களுக்கு அந்தத் தெளிவு சிறு உதவியல்ல.